பன்னிரண்டு பிரிஸ்டல் அட்டை

கடை மூடும் நேரம் பார்த்து வந்தாள் நுஸ்ரத்.
பிரிஸ்டல் அட்டை பன்னிரண்டு,
கறுப்பு மார்க்கர் மூன்று.
சிவப்பையும் எடுத்தாள்;
விலை கேட்டதும் இருந்த இடத்திலேயே வைத்தாள்.

ஆமர் வீதியில், பள்ளிக்கூடம் பூட்டிய மாதத்தில்,
பன்னிரண்டு அட்டை கேட்டால்
ஒன்றில் கல்யாணம், இல்லையென்றால் கட்சி.
இரண்டுமில்லை என்றாள் பாதிச் சிங்களத்தில்.
நாளைக்கு லிப்டன் சுற்றுவட்டத்தில் நிற்கப்போகிறோம்.
கத்த மாட்டோம் அக்கா. நிற்போம்.

சிவப்பை என் கணக்கில் எழுதிவிட்டு
ஷட்டரை இறக்கினேன்.

கொட்டாஞ்சேனையில் இரண்டாம் மாடி, ஓர் அறை.
ஏழு பேர்.
அட்டை பறக்கும் என்று மின்விசிறியை நிறுத்தியிருந்தார்கள்.
எழுதுகிறவரின் நெற்றியைத் துடைக்கவே
ஒரு பையன் துவாயோடு நின்றான்.

தடி கொண்டுவரக் கூடாதாம், பொலிஸ் சொன்னதாம்.
தடியில்லாமல் எப்படித் தூக்குவது?
அரை மணி நேரம் நான்கு மொழிகளில் சண்டை.
பிறகு ஃபர்ஹாத் தன் சப்பாத்துக் கயிற்றை உருவி
அட்டையில் இரண்டு துளை போட்டு
கழுத்தில் மாட்டிக் காட்டினான்.
மறுநாள் அவன் செருப்போடுதான் வந்தான்.

காபூல்காரப் பெரியவர் குடையை விரித்தார்.
குடைக்கு எட்டு மடல்.
அவர் காத்திருந்தது எட்டு வருஷம்.
மடலுக்கு ஒன்றாய் வருஷத்தை எழுதி முடித்தபோது
அடுத்த வருஷத்துக்குக் கம்பிதான் மிச்சம்.

அட்டை நடுவில் சதுரமாய் வெட்டி
முகத்தை உள்ளே வைத்துப் பார்த்தாள் நுஸ்ரத்,
கடவுச்சீட்டுப் படம்போல, சிரிக்காமல்.
கீழே சிங்களத்தில்:
காலாவதியானது நானில்லை.

மகள் மாஹ்ரூக்குக்கு ஒன்பது வயது.
நேரசூசி கீறினாள்,
திங்கள் முதல் வெள்ளி, எட்டுப் பாடம்.
நாற்பது கட்டத்திலும் ஒரே சொல்:
இடைவேளை.
அதற்குத்தான் சிவப்பு மார்க்கர் தீர்ந்தது.

தமிழில் நீ எழுது என்றார்கள்.

என்ன சொல்லை வைப்பது?
குடியேறி என்றால் நாக்கில் மணல்.
வந்தேறி கல்; எனக்கும் விழுந்திருக்கிறது.
புலம்பெயர்ந்தோர் என்பது
ரொறன்ரோவில் வீடு வாங்கிய அண்ணனுக்கான சொல்.
மிஞ்சியது அகதி.
மண்டபம் முகாமில் அரிசிக்கு நிற்கும்போது
அப்படித்தான் கூப்பிட்டார்கள்.
கொஞ்சக் காலம் அதை
எங்கள் குடும்பப் பெயர் என்றே நினைத்திருந்தேன்.

எழுதினேன்:
அகதிக்கும் பசிக்கும்.

தமிழ் வாசிக்கத் தெரியாத மாஹ்ரூக்
விரல் வைத்துப் பார்த்தாள்.
இரண்டுக்கும் ஒரே வால், என்றாள்.
ஓமடி, ஒரே வால்தான்.
ஆனால் முதல் வாலில் இருப்பது வேற்றுமை,
இரண்டாவதில் எதிர்காலம்.
இதை அவளுக்குச் சொல்ல
என் சிங்களம் போதவில்லை.

காலை பத்து மணிக்கு மழை.
எட்டு வருஷத்தின் கீழே ஐந்து பேர் ஒதுங்கினார்கள்.
நாற்பது இடைவேளைகளும் கரைந்து
மாஹ்ரூக்கின் வெள்ளைச் சட்டை ரோஸ் நிறமானது.
பொலிஸ்காரர் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்,
வானத்தைப் பார்த்தார்,
எங்களைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்.

நெரிசலில் ஒரு பஸ் நின்றது.
மிதிபலகையில் தொங்கிய நடத்துநர்
என் அட்டையைப் பார்த்து
ஊர்ப்பெயர் கூவும் அதே குரலில் கூவினான்:
அகதிக்கும் பசிக்கும், அகதிக்கும் பசிக்கும், அகதிக்கும் பசிக்கும்!
உள்ளே யாரோ சிரித்தார்கள்.
யாரோ யன்னல் கண்ணாடியைத் துடைத்தார்கள்.
பகிடியா, இல்லையா?
தெரியுமுன் பஸ் போய்விட்டது.

திங்கட்கிழமை நுஸ்ரத் கடைக்கு வந்தாள்.
ஓர் அட்டை மிச்சமாம், பாவிக்கவில்லையாம்.
மூலை மடிந்திருந்தது.
பின்பக்கத்தில் பென்சிலால்
கட்டம் கட்டமாய்க் கீறி அழித்த தடம்.

முழு விலைக்கும் எடுத்துக்கொண்டேன்.
இன்னும் விற்கவில்லை.